கேட்டுக்கு அந்தப் பக்கத்து உடைசல்

மண்ணெண்ணெய் வாசம். போன வாரம் உங்கள் அலுவலக மாடிப்படியில் பெயிண்டர் ஒருவர் அதில் கை கழுவிக்கொண்டிருந்தார். நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவிப் போனீர்கள். நான் நின்றுவிட்டேன். அந்த வாசத்துக்குள் எனக்கு ஓர் ஊர் இருக்கிறது. வெயிலில் வெளுத்த களிமண் தூசி, ஜங்ஷன் பக்கமிருந்து வரும் ரயில் ஊதல், பலகை பலகையாகக் காயும் கோப்பைகள், முழங்கை வரை வெள்ளை பூத்த பெண்கள். விருத்தாசலம்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மூன்று வருடம் ஆகிறது. ஒரு இடத்தில் உட்கார வராத உடம்பு இது; ஓய்வு சரிப்படவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிட்டதும் கிளம்பி வந்துவிட்டேன். புள்ளியியலில் வரும் கருவி மாறியைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். சூத்திரம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். தவறான எண் ஒன்றைக் கொடுத்தேன், எல்லோருக்கும் பிடித்துப்போனது, பிறகு அதை நானே திரும்ப வாங்கினேன். அந்த வாரம்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது. பீங்கான் பட்டறைகளில் அச்சு வார்க்கும் பெண்களுக்கு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ஷெட்டில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பேட்ச் பேட்சாக, ஒவ்வொன்றும் மூன்று மாதம். களிமண் கூழின் பதம், அதைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எத்தனை நேரம் விட வேண்டும், கோப்பைக்குக் காது எப்படி ஒட்ட வேண்டும் என்று போகும். கடைசி மாதம் அந்த அச்சையே செய்யக் கற்றுத்தருவார்கள். அச்சு செய்வது அதுவரை ஆண்கள் மட்டுமே செய்த வேலை. வகுப்பை நடத்திய அமைப்பு என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: வகுப்புக்கு வந்தால் உடைசல் குறைகிறதா? குறையவில்லை என்றால் இந்த மாதத்தோடு மூடிவிடுவார்கள்.

உடைசலுக்கு நோட்டு இருந்தது. சின்னப் பட்டறைகளுக்குச் சொந்தச் சூளை கிடையாது. வார்த்துக் காயவைத்து இன்னும் சுடாமல் இருப்பதைப் பச்சைச் சாமான் என்பார்கள். அதை ட்ரைசைக்கிளில் ஏற்றிப் பொதுச் சூளைக்குக் கொண்டுவருவார்கள். சுட்டு இறக்கியதும் விரிசல் விட்டதை எண்ணி, வார்த்தவர் பெயருக்கு நேரே எழுதுவார்கள். அந்த நோட்டையும் வகுப்பின் வருகைப் பதிவையும் சேர்த்து, ஒன்று கூடினால் மற்றது கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கும் ரிக்ரெஷன் போட்டேன். கூட்டல் குறி வந்தது. வகுப்புக்கு அதிக நாள் வந்தவர்தான் அதிகம் உடைக்கிறார்.

பாடம் நடத்திய லில்லி டீச்சர் அதைக் கேட்டுச் சிரித்தார். "பின்ன? நல்லா செய்றவங்களயா ஓனருங்க அனுப்புவாங்க? வேலை கெடுமே. ஒடைக்கறவங்களதான் தள்ளி விடறாங்க. இது கிளாஸ் இல்ல மேடம், முட்டி போட வெக்கிற எடம்."

எண்டோஜீனஸ் என்ற சொல்லை நான் பட்டப்படிப்பில் மனப்பாடம் செய்திருந்தேன். அந்த ஷெட்டில்தான் அதன் முகத்தைப் பார்த்தேன். உடைசலைத் தீர்மானிப்பது வருகையா என்று நான் கேட்டுக்கொண்டிருக்க, வருகையைத் தீர்மானித்ததே உடைசல். ஆர்டர் எந்தச் சாமானுக்கு வருகிறது என்பது வெளியூரில் யாரோ முடிவு செய்வது; அது எக்ஸோஜீனஸ், வெளியிலிருந்து வந்து விழுவது. வருகை அப்படி இல்லை. பட்டறைக்குள்ளேயே, ஓனரின் கோபத்திலேயே பிறக்கிறது.

முட்டி போட வைக்கப்பட்டவர்களில் ஒருவர் அஞ்சலை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கோப்பை வார்ப்பவர். நோட்டில் அவர் பெயருக்கு நேரே நிறைய கோடுகள். வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஏன் இவ்வளவு ஆர்வம் என்று கேட்டேன்.

"எனக்கு இந்தக் காது ஒட்டறது, கூழு பதம் பாக்கறது எல்லாம் தெரியும் மேடம். கடைசி மாசம் அச்சு எடுக்க சொல்லித் தருவாங்க பாருங்க, அதுக்குதான் குந்திகினு இருக்கேன். அச்சு எடுக்கறவங்கள யாரும் மண்ணு சுமக்க சொல்ல மாட்டாங்க."

"அதுக்கு எத்தனை நாள் இருக்கு?"

"பதினோரு நாளு. எண்ணிகினுதான் இருக்கேன்."

வகுப்பை மூடப் பார்க்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

சரி, வருகையை வெளியிலிருந்து தள்ளும் ஏதாவது ஒன்று வேண்டும். பெண்ணை வகுப்புக்கு வரவைக்கவோ தடுக்கவோ வேண்டும். ஆனால் வகுப்பின் வழியாக அல்லாமல் வேறு எந்த வழியிலும் உடைசலைத் தொடக் கூடாது. அதுதான் கருவி மாறி. இரண்டு நாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். வகுப்பு தொடங்கும் நேரத்துக்குச் சரியாக ரயில்வே கேட் மூடுகிறது. அந்தப் பக்கத்துப் பெண்கள் பாதி நாள் தாமதம். டீச்சர் கதவைச் சாத்திவிடுவார், திரும்பிப் போய்விடுவார்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் தினமும் வருகிறார்கள். ரயில் எந்தப் பெண்ணின் கைத்திறனைப் பார்த்து வருகிறது? கேட்டைக் கருவியாகக் கையில் எடுத்தேன்.

கேட் வருகையை மாற்றுகிறதா என்று பார்க்கும் முதல் கட்டத்தில் அது மலைபோல நின்றது. அப்படி மாறிய வருகை உடைசலை மாற்றுகிறதா என்னும் இரண்டாம் கட்டத்தில் கழித்தல் குறி. சின்னக் கழித்தல் இல்லை, பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நிற்கவைக்கும் கழித்தல். வகுப்பு உடைசலை அப்படியே அள்ளி எடுத்துவிடுகிறது என்றது கணக்கு. எனக்கு அந்த வகுப்பின் மேல் ஆசை இருந்தது, மறைக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமையே அமைப்பின் திட்ட அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"அட, இவ்வளவா? நல்லது மேடம். வெள்ளிக்கிழமை நானே வர்றேன். கண்டினியூ பண்ணிடலாம்" என்றார்.

மறுநாள் மதியம் ஷெட்டில் சொன்னேன். லில்லி டீச்சர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அஞ்சலை மட்டும் டீயை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எப்பிடி மேடம் கண்டுபிடிச்சீங்க?"

பெருமையாகச் சொன்னேன். கேட்டுக்கு இந்தப் பக்கத்தவர்கள் தினமும் வருகிறார்கள், குறைவாக உடைக்கிறார்கள். அந்தப் பக்கத்தவர்கள் விட்டு விட்டு வருகிறார்கள், அதிகம் உடைக்கிறார்கள். நடுவில் இருப்பது கேட் ஒன்றுதான்.

அவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பக்கத்து சாமான் தண்டவாளத்து மேல ஏறி எறங்கித்தான மேடம் சூளைக்கு வருது? ஒவ்வொரு தண்டவாளத்துலயும் வண்டி தூக்கிப் போடும். பச்ச சாமானு தாங்குமா?"

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"விரிசல் தெரியுமே? வண்டியிலேருந்து இறக்கும்போது பார்ப்பாங்களே?"

"முடி மாதிரி வுடும். சுட்டாத்தான் வாயத் தொறக்கும். அப்ப எம் பேருக்கு நேரா கோடு போட்டுடுவாங்க."

"இதை நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னோம். கை சரியில்லாதவ வண்டிய கொற சொல்றான்னாரு ஓனரு. வண்டிக்காரரு சொல்லுவாரா? அவரு பொழப்பு."

நண்பர்களே, அங்கே ஒரு நிமிடம் இருந்தது. ஷெட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரிக்குப் பிடித்த எண் என்னிடம் இருந்தது. எனக்குப் பிடித்த எண்ணும் அதுதான். கருவி வலுவானது என்று சொல்லும் சோதனை அட்டவணை பையில் இருந்தது. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கெட்ட நோக்கத்துக்காகப் பொய்யான எண்ணைக் காப்பாற்றுகிறவர்கள் குறைவு. நாம் சறுக்குவது நல்ல நோக்கத்தின் மேல் நிற்கும்போதுதான். அதை அந்த நிமிடத்தில் என் காலுக்குக் கீழே உணர்ந்தேன்.

மறுநாள் காலையில் அஞ்சலையின் பட்டறைக்குப் போனேன். பச்சைச் சாமானில் விரிசல் பார்க்க அங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் ஈரம் சட்டென்று ஆவியாகிவிடும். விரிசல் இருந்தால் அதில் மட்டும் கறுப்புக் கோடாகத் தங்கும். பெரிய ஆர்டருக்கு மட்டும் செய்வார்கள், தினமும் யார் செய்வது. அஞ்சலை வார்த்த கோப்பைகளை இரண்டு பலகையில் அடுக்கி ஒவ்வொன்றாகத் துடைத்தோம். ஒரு கோடும் இல்லை. ஒரு பலகையை வண்டியில் ஏற்றிக் கேட்டைத் தாண்டி, மறுபடி தாண்டிக் கொண்டுவந்தோம். இன்னொன்றை அதே தூரத்துக்குப் பட்டறைப் பக்கத்து ரோட்டிலேயே சுற்றவைத்தோம். வண்டிக்காரர் முறைத்தார். "சாமி ஊர்வலமா இது, சுத்திச் சுத்தி வர்றதுக்கு?"

திரும்பத் துடைத்தோம். ரோட்டில் சுற்றிய பலகை சுத்தமாக இருந்தது. தண்டவாளம் ஏறி இறங்கிய பலகையில், காது ஒட்டிய இடத்தில், ஒன்று, இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. எறும்பு மீசை மாதிரி கறுப்புக் கோடுகள்.

அஞ்சலைக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா? எங் கை நல்ல கை." பிறகு என்னைப் பார்த்தார். "என்னா மேடம், மூஞ்சி இப்பிடிப் போச்சி?"

சொன்னேன். வகுப்பைக் காப்பாற்றிய எண் கேட்டின் மேல் கட்டியது. கேட் தானாகவே உடைக்கிறது என்றால் அந்த எண்ணில் பாதி வகுப்பு, பாதி தண்டவாளம். பாதியா, முழுவதுமா என்பதுகூட எனக்குத் தெரியாது. திரும்ப வாங்கத்தான் வேண்டும்.

கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அப்ப நான் வாய மூடிகினு இருந்திருந்தா?"

"கிளாஸ் நடந்திருக்கும்."

"இன்னும் ஆறு நாளுதான் மேடம் இருக்குது."

துணியைக் கீழே வைத்தார். அவரே சொன்னார்: "அதுக்குன்னு ரயிலு ஒடைச்சத நான் ஒடைச்சேன்னு காலம் பூரா எழுதிகினு இருப்பாங்களா? போன் பண்ணுங்க."

பண்ணினேன். அதிகாரி சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரும்போது கையில ஒரு நம்பர் இருக்கணும் மேடம். இல்லன்னா மூடறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல." அன்று புதன்கிழமை.

ஷெட்டுக்குப் போய் லில்லி டீச்சரிடம் எல்லா நோட்டுகளையும் கேட்டேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. பழைய பதிவுகளைப் புரட்டும்போது முதல் வருடத்து வகுப்பில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் டிக் இருந்தது. இது என்ன என்றேன்.

"அதுவா? முதல் வருசம் எல்லாரும் வரேன்னு பேரு குடுத்துட்டாங்க. இங்க மேசை கம்மி. யார எடுத்தாலும் ஓனருங்க சண்டைக்கு வருவாங்க. கூழு கலக்கற பக்கெட்ல பேர எழுதிப் போட்டு, எல்லாருக்கும் முன்னாடி குலுக்கி எடுத்தேன். சீட்டு விழுந்தவங்களுக்கு டிக்கு."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குலுக்கல். பக்கெட்டுக்குள் போன கைக்கு யார் அதிகம் உடைப்பவள் என்று தெரியாது.

"ஆனா அது சரியா நடக்கல மேடம்" என்றார் டீச்சர் சங்கடமாக. "சீட்டு விழுந்தும் சில பேரு வரல. விழாத சில பேர ஓனருங்க சொல்லி நடுவுல சேத்தோம். அந்தப் பேருங்கள எடுத்துட்டு எழுதிக்குங்க."

இளையவர்களே, இதைத்தான் எல்லோரும் செய்யச் சொல்வார்கள். சுத்தம் செய்துகொள், ஒழுங்கானதை மட்டும் வைத்துக்கொள் என்பார்கள். செய்யாதீர்கள். வராமல் போனவள் ஏன் வரவில்லை? சொல்லி உள்ளே நுழைந்தவள் ஏன் நுழைந்தாள்? அந்தக் காரணத்தில்தான் மறுபடி எண்டோஜீனஸ் சமாசாரம் ஒளிந்திருக்கிறது. சீட்டு விழுந்ததா இல்லையா என்பதை மட்டும் கருவியாக வைத்தேன். வந்தாலும் வராவிட்டாலும் ஒரு பெயரையும் அடிக்கவில்லை. குலுக்கலின்போது எந்தச் சாமான் வார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை இரண்டு கட்டத்திலும் சேர்த்தேன். கேட்டுக்கு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்தேன். இரண்டு நாள் முன்பு ராஜாவாக உட்காரவைத்த கேட்டை இறக்கி, வித்தியாசத்தைக் கழித்துவிடச் சேர்க்கும் மற்றக் கட்டுப்பாட்டு மாறிகளோடு பெஞ்சில் உட்காரவைத்தேன். வகுப்பு முடித்த சிலருக்கு ஓனர்கள் நல்ல மேசை தந்திருந்தார்கள்; அதை மட்டும் சேர்க்கவில்லை. அது வகுப்பின் பலன்; அதைக் கட்டிப்போட்டால் வகுப்பையே கட்டிப்போட்டதாகும்.

ஆனால் இந்தத் தடவை கணினியைத் திறப்பதற்கு முன்னால் டீக்கடைக்குப் போனேன். முதல் வருடத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரை அஞ்சலை கூட்டி வந்தார். சீட்டு விழுந்தவர்களுக்கு வகுப்பைத் தவிர வேறு ஏதாவது கிடைத்ததா? லேசான சாமான்? புது அச்சு?

"கெடைச்சிது" என்றார் ஒருவர். "மதியம் தூங்காம இருக்கற வியாதி." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக யோசித்துச் சொன்னார்கள். சாமான் அச்சைப் பொறுத்தது, அச்சு மேசையைப் பொறுத்தது, சீட்டு விழுந்தது என்பதற்காக யாரையும் மாற்றவில்லை. ஒருவர் மட்டும் சொன்னார்: "அவங்க கிளாஸுக்குப் போனப்ப அவங்க வேலையையும் நாங்கதான் செஞ்சோம். அவசரத்துல எங்களுக்குக் கொஞ்சம் ஒடைஞ்சிருக்கும்." அதை அப்படியே அறிக்கையில் எழுதிக்கொண்டேன்.

ஒரு கருவி வலுவாக இருக்கிறதா என்று கணினி சொல்லிவிடும். அது பின்வாசல் வழியாக விளைவைத் தொடுகிறதா என்று சொல்லாது. அந்த வாசலில் தினமும் நடப்பவர்தான் சொல்ல முடியும்.

வியாழக்கிழமை கணக்கு வந்தது. கழித்தல் குறிதான், ஆனால் சின்னது. சுற்றிலும் சந்தேகத்தின் அகலம். ஒரு ஓரத்தில், பலனே இல்லை என்னும் பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். ஷெட்டில் மேசையைச் சுற்றிப் பட்டறை முதலாளிகள் சிலர், லில்லி டீச்சர், நான். பெண்கள் பின்னால் நின்றார்கள். தாளைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"திங்கக்கிழமை பெருசு. இன்னைக்குச் சின்னது. அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும் இதேதான் சார். அது விழுந்துடுச்சு, இது நிக்கும்."

"இது பூஜ்யத்தைத் தொடுதே."

"தொடுது. மறைக்கல."

"ஒரே வார்த்தையில சொல்லுங்க. மூடலாமா, வேணாமா?"

தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். "கிளாஸ் உடைசலைக் கூட்டுதுங்கறதுக்கு ஆதாரம் இல்ல. குறைக்கிற மாதிரித்தான் தெரியுது, ஆனா உறுதியாச் சொல்லமுடியாது. மூடினீங்கன்னா காரணம் உங்களது, என் கணக்குன்னு எழுதக்கூடாது. இந்த பேட்ச் முடியட்டும். அடுத்ததைக் குலுக்கல்ல எடுங்க. நோட்டுல இனிமே சூளைக்கு வந்த சாமானை வண்டியிலேருந்து இறக்கின உடனே, சுடறதுக்கு முன்னாடி மண்ணெண்ணெய் போட்டுப் பாத்து, வண்டியில விட்ட விரிசலைத் தனியா எழுதட்டும். அப்புறம் கேளுங்க, ஒரே வார்த்தையில சொல்றேன்."

வெளியே டீசல் இன்ஜின் ஒன்று நெடுநேரம் உறுமியது. அவர் ஜன்னலைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கடைசியில் பேனாவை எடுத்தார். "இந்த பேட்ச் முடியட்டும். அடுத்தது குலுக்கல்." பிறகு மெதுவாக என்னிடம்: "முதல் நம்பரோடயே விட்டிருந்தா உங்களுக்கு இவ்வளவு தொல்லை இல்ல."

"அந்தத் தொல்லை அடுத்த வருஷம் உங்களுக்கு வந்திருக்கும் சார்" என்றேன்.

கிளம்புகிற நாள், ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் கேட் மூடியிருந்தது. வரிசையில் நின்றோம். அந்தப் பக்கமிருந்து தடுப்புக் கம்பிக்குக் கீழே குனிந்து ஒரு ஆள் வந்தார். அஞ்சலை. என்னைப் பார்த்ததும் ஆட்டோவுக்குப் பக்கத்தில் வந்தார். அச்சு வகுப்பு அன்றைக்குத்தான் ஆரம்பம். முகத்தில் அந்தச் சந்தோஷம் முழுசாக இல்லை.

"ஓனரு நோட்டப் பாத்துட்டாரு மேடம். தண்டவாளத்துல ஒடைஞ்சது தனியா, எம் பேர்ல ஒண்ணு ரெண்டுதான். உன் கைதான் சரியா இருக்குதே, இனிமே எதுக்குக் கிளாஸு, மதியமும் கோப்ப ஊத்துன்னுட்டாரு."

நான் அதை நினைக்கவே இல்லை. அவரை வகுப்புக்குத் தள்ளியது அந்தக் கோடுகள்தான். கோடுகளை நான் அழித்துவிட்டேன். ஆட்டோவிலிருந்து இறங்கப் போனேன்.

"நான் வந்து பேசறேன் உங்க ஓனர்கிட்ட."

தோளில் கை வைத்து உட்காரவைத்தார். "வேணாம். நீங்க பேசினா நீங்க அனுப்பினதா ஆயிடும்."

"அப்ப இன்னைக்கு?"

"இத்தினி நாளு அவரு அனுப்பினாரு, வந்தேன். இன்னைக்கு நானா வரேன். கத்துவாரு, கத்தட்டும்." பின்னால் திரும்பி, இன்னும் வராத ரயிலைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். நடந்துகொண்டே சொன்னார்:

"டீச்சர் கதவ சாத்திடுவாங்க மேடம். நீங்க பாத்துப் போயிட்டு வாங்க."